கினிப்பன்றிக் குட்டியை எடை போடுங்கள்

திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. துணி வந்து இறங்கியதும் வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி, சின்ன எலக்ட்ரானிக் தராசில் போட்டு, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்க வருகிற எடையை நூறால் பெருக்கி, "180 ஜி.எஸ்.எம். நிக்குதுங்க" என்று மாஸ்டர் சொல்லிவிடுவார். அந்த எண் தவறினால் ஏற்றுமதி ஆர்டரே திரும்பி வந்துவிடும். பல்லடம் பக்கம் போனால் கறிக்கோழி. 40 நாளில் 2 கிலோவைத் தொட வேண்டிய குஞ்சு அது. வாரா வாரம் பண்ணைக்கு வரும் சூப்பர்வைசர் கொஞ்சம் கோழிகளைப் பிடித்து எடை பார்த்து, கார்டில் எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். கறிக்கோழிக்குப் பண்ணை விலை சொல்லும் குழுக்களில் ஒன்று பல்லடத்தில்தான் இருக்கிறது.

இந்த ஊர்களுக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில், தறிச்சத்தம் ஓயாத சாமளாபுரம். கூண்டு வைத்து உயிர் வளர்ப்பது இந்தப் பகுதி வீடுகளுக்குப் பழக்கமான காரியம். புறா, லவ் பேர்ட்ஸ், முயல் என்று போய்க்கொண்டிருந்த பிள்ளைகளின் ஆசை இப்போது கினிப்பன்றி வரை வந்திருக்கிறது. திருப்பூர், கோவைக் கடைகளில் முயல் கூண்டுக்குப் பக்கத்துக் கூண்டில் அது இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி, பட்டு மாதிரி முடி, விசில் அடிப்பது போன்ற குரல். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஜோடியாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. துணியையும் கோழியையும் எடை போடாமல் நம்பாத ஊர், இந்தக் குட்டியை மட்டும் கண்ணால் பார்த்தே முடிவு கட்டிவிடுகிறது. "கொழுகொழுன்னுதானுங்க இருக்குது, நல்லாத்தான் திங்குது" என்கிறார்கள். அந்தக் கொழுகொழுப்பில் பாதி முடிதான். முடிக்கு அடியில் முதுகெலும்பு துருத்திக்கொண்டிருப்பது கைவைத்து அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

கினிப்பன்றி, பிற விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்து பழகிய இனம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் பழக்கி வளர்த்த உயிர் என்றாலும், அதன் உடம்பில் அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. நோய்ப்பட்டதை வெளியே காட்டினால் கழுகோ நரியோ முதலில் அதைத்தான் தூக்கும். அதனால் வயிறு வலித்தாலும் பல் உறுத்தினாலும் கூட்டத்தோடு சேர்ந்து தீனித் தட்டுக்கு வந்து, மெல்லுவது போலவே நிற்கும். அது சுருண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டதை நாம் பார்க்கும்போது நோய் முக்கால்வாசி வேலையை முடித்திருக்கும். ஆனால் எடையை அதனால் மறைக்க முடியாது. வளரும் குட்டிக்கு எடைதான் முதல் செய்தி, பெரும்பாலும் மற்ற எல்லா அறிகுறிகளையும் விடச் சில நாட்கள் முந்தி வரும் செய்தி. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பிறப்பு. எலிக்குட்டி ரோமமில்லாமல், கண் திறக்காமல், சிவப்புச் சதைத்துண்டாகப் பிறக்கும். கினிப்பன்றிக்குட்டி அப்படியல்ல. தாயின் வயிற்றில் சுமார் 68 நாட்கள் இருந்துவிட்டு, முழு முடியோடும் திறந்த கண்ணோடும் முளைத்த பல்லோடும் வெளியே வரும். சில மணி நேரத்தில் ஓடும். ஓரிரு நாளில் தாய் கடிக்கும் புல்லைத் தானும் கடித்துப் பார்க்கும். இதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். "புல்லு திங்குதே, இனி தாய் எதுக்கு?" என்று இரண்டே வாரத்தில் பிரித்து விற்றுவிடுகிறார்கள். ஆனால் மூன்று வாரம் வரை அதற்குத் தாய்ப்பால் வேண்டும். தாய்க்கு இருப்பதோ இரண்டே காம்பு. நாலு குட்டி போட்டால் முறைவைத்துத்தான் குடிக்க வேண்டும், அதில் சோப்ளாங்கியான ஒன்று எப்போதும் பின்தங்கும்.

பிறக்கும்போது ஒரு குட்டி ஏறக்குறைய 60 முதல் 100 கிராம் இருக்கும். குட்டிகள் அதிகமாக இருந்தால் ஒவ்வொன்றின் எடையும் குறையும். 60 கிராமுக்குக் கீழே பிறந்தால் பிழைப்பது சிரமம். முதல் இரண்டு மூன்று நாளில் எடை கொஞ்சம் இறங்குவதும் உண்டு, அதற்குப் பதற வேண்டாம். நாலாம் நாளிலிருந்து முள் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு நாளொன்றுக்கு 3 முதல் 7 கிராம் வரை கூடிக்கொண்டே போகும். மூன்றாம் வாரம் முடியும்போது 180 கிராமைத் தாண்டியிருந்தால் தாயிடமிருந்து பிரிக்கலாம். இரண்டு மாதத்தில் 400 கிராமைத் தாண்டும். அதற்கு மேல் வேகம் தணிந்து, ஒரு வயதை ஒட்டி முழு எடைக்கு வந்து நிற்கும். பெண் 700 முதல் 900 கிராம், ஆண் 900 முதல் 1,200 கிராம்.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு குட்டி 210 கிராமா 240 கிராமா என்பதில் பெரிய விஷயம் இல்லை. எந்தத் தாயின் குட்டி, எத்தனை பேரோடு பிறந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். போன வாரத்தை விட இந்த வாரம் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டி ஒரு வாரம் முழுக்க ஒரே எடையில் நின்றால், அது பெரிய விலங்கு எடை இழந்ததற்குச் சமம். வளர வேண்டிய வயதில் நிற்பதே இறக்கம்தான். அங்கன்வாடியில் குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் கோடு போடுகிறார்களே, அங்கேயும் பணியாளர் முதலில் பார்ப்பது கோடு மேலே போகிறதா என்பதைத்தான்.

மருத்துவ உலகம் இந்த விலங்கின் எடையை நூறாண்டுக்கும் மேலாக உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1897-இல் ஜெர்மனியில் பால் எர்லிக், தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தார். 250 கிராம் எடையுள்ள ஒரு கினிப்பன்றியை நாலு நாளில் கொல்லப் போதுமான நஞ்சு எவ்வளவோ, அதுதான் ஓர் அலகு. எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்கவைத்த மாற்றுமருந்துக்கு அடிப்படை அளவாக நின்றது, சுமார் ஒரு மாத வயதுள்ள கினிப்பன்றியின் எடை. இன்றும் தொண்டை அடைப்பான் தடுப்பூசியின் வீரியத்தைச் சோதிக்க 250 முதல் 350 கிராம் வரையுள்ள கினிப்பன்றிகளைத்தான் மருந்து நூல்கள் கேட்கின்றன. அமெரிக்காவில் 2015 வரை ஒரு விதி இருந்தது. தடுப்பூசி போன்ற உயிரியல் மருந்துகளின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, 400 கிராமுக்குக் குறைவான கினிப்பன்றிக்கு ஊசி போட்டு ஏழு நாள் பார்ப்பார்கள். அது உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. ஏழாம் நாள் முதல் நாளை விட எடை குறைந்திருக்கக் கூடாது. குறைந்தால் அந்தத் தொகுதி தேறாது. குட்டியின் எடையை அவ்வளவு நம்பினார்கள்.

கினிப்பன்றி பங்கெடுத்த மருத்துவ ஆய்வுகளில் நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 1956-இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியது. அங்கே தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த காசக் கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தபோது, பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளைக் காட்டிலும் அவற்றில் பல, அந்த விலங்கிடம் வீரியம் குறைந்து காணப்பட்டன. 1960-களின் தொடக்கத்தில் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

சாமளாபுரத்துக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது குன்னூர். மேட்டுப்பாளையம் போய் மலையேறினால் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம். அங்கேதான் ராபர்ட் மெக்காரிசன் உணவுக் குறைபாட்டு நோய்களை ஆராய்ந்தார். புறா, குரங்கு, கினிப்பன்றி என்று பல விலங்குகளுக்கும் குறையுள்ள உணவைக் கொடுத்து, உடம்புக்குள் எந்த உறுப்பு எப்படிச் சிதைகிறது என்று பார்த்து எழுதினார். குறைபாட்டு நோய்களைப் பற்றிய அவருடைய நூல் 1921-இல் வந்தது. பிறகு எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளைக் கொடுத்து எடை பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், கீரை என்று பஞ்சாபிச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் முதலிடத்திலும், தீட்டிய அரிசிச் சோறு தின்ற சென்னை மாகாண எலிகள் கடைசி இடத்திலும் நின்றன. அந்த ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. நம் மலையில் எடைத்தட்டில் ஏறிய சிறு விலங்குகள், நம் சோற்றுத் தட்டைப் பற்றி நாட்டுக்கே செய்தி சொல்லியிருக்கின்றன.

கினிப்பன்றியின் வளர்ச்சியைப் பற்றி வீட்டில் வளர்ப்பவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொள்வதென்றால், அது வைட்டமின் சி. ஆடு, மாடு, நாய், கோழி, முயல் எல்லாம் இந்த வைட்டமினைத் தம் உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளும். மனிதனால் முடியாது, குரங்கால் முடியாது, கினிப்பன்றியாலும் முடியாது. அதற்கு வேண்டிய ஒரு நொதி இந்த உடம்புகளில் வேலை செய்வதில்லை. 1907-இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இருவர், பெரிபெரி நோயைப் புரிந்துகொள்ளக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் போட்டு வளர்த்தார்கள். பெரிபெரி வரவில்லை. கப்பல் மாலுமிகளைக் கொன்றுகொண்டிருந்த ஸ்கர்வி வந்தது. ஈறு வீங்கியது, மூட்டில் ரத்தம் கட்டியது. கொஞ்சம் பச்சைக் காய்கறி கொடுத்ததும் தேறின. அது வரை எந்த விலங்குக்கும் வராது என்று எண்ணியிருந்த நோய் கண்முன்னே வந்ததால்தான் அதன் மருந்தைத் தேட வழி பிறந்தது.

அந்தத் தேடலிலும் அளவுகோல் எடைதான். வைட்டமின் சி இல்லாத உணவைக் கொடுத்தால் இளங்குட்டி முதல் இரண்டு வாரம் சாதாரணமாகவே ஏறும். பிறகு நிற்கும். பிறகு சரியும். நாலைந்து வாரத்தில் இறந்துவிடும். சந்தேகப்படும் பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது எடை ஏறிக்கொண்டே போனால், அதில் வைட்டமின் இருக்கிறது என்று பொருள். 1932-இல் ஹங்கேரியில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும் ஸ்விர்பெலியும் நாளுக்கு வெறும் 1 மில்லிகிராம் கொடுத்துக் கினிப்பன்றிகளை ஸ்கர்வியிலிருந்து காத்துக் காட்டினார்கள். அந்த வைட்டமினைச் சென்ட்-ஜியார்ஜி பிறகு அள்ளி அள்ளி எடுத்தது அந்த நாட்டுக் குடைமிளகாயிலிருந்து. 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1 மில்லிகிராம் என்பது நோய் தாக்காமல் காக்கும் விளிம்பு. செழித்து வளர அது போதாது. பெரிய விலங்குக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், வளரும் குட்டிக்கும் சினைத்தாய்க்கும் 30 வரை என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. 300 கிராம் குட்டிக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. அப்படியென்றால் 5 கிராம் கொய்யா, சுண்டுவிரல் நுனியளவு ஒரு துண்டு, அந்த நாளின் தேவையைத் தீர்த்துவிடும். இவ்வளவு மலிவாக முடியக்கூடிய காரியத்தைச் செய்யாமல் குட்டிகள் சாவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, நெல்லி எதுவானாலும் சரி. முருங்கைக்கீரையிலும் நிறைய உண்டு, ஆனால் அதில் சுண்ணாம்புச்சத்தும் நிறைய. எலும்பு வளரும் குட்டிக்கு அது நல்லது. பெரிதானபின் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் கட்டலாம். கேரட்டைத்தான் எல்லோரும் முதலில் நீட்டுகிறார்கள். அதில் இனிப்பு அதிகம், வைட்டமின் சி குறைவு.

வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீர்ப் பாட்டிலில் கலந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கடைகளில் சொல்வதுண்டு. வெளிச்சமும் சூடும் பட்டால் அந்த வைட்டமின் தண்ணீரில் ஒரு நாள்கூடத் தாங்காது. தண்ணீரின் ருசி மாறினால் குட்டி குடிப்பதையும் குறைத்துவிடும். பெல்லட் தீவனத்துக்கும் இதே கதி. ஆலையிலிருந்து வந்து மூன்று மாதத்துக்கு மேல் நம் வெயிலில் கிடந்த மூட்டையில் வைட்டமின் சி மிச்சமிருக்கும் என்று நம்ப வேண்டாம். முயல் பெல்லட்டில் அதைச் சேர்ப்பதே இல்லை.

இங்கே பல்லடம் பக்கத்து வீடுகளுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை. கோழித் தீவனம் எங்கும் கிடைக்கும், ஒரு குத்து அள்ளிப் போடுவதும் எளிது. போடவே போடாதீர்கள். கோழி தன் வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்வதால் அதன் தீவனத்தில் அது தேவையான அளவு இருக்காது. நார்ச்சத்தும் இருக்காது. 40 நாளில் சதை பிடிக்கவைக்கும் மாவும் புரதமும்தான் அதன் கணக்கு. கோழிக்கென்று கலக்கும் மருந்துகள் கினிப்பன்றியின் குடலுக்கு நஞ்சாகலாம். கறிக்கோழிக்கு எடைதான் வருமானம், சீக்கிரம் ஏறினால் சீக்கிரம் லாபம். ஐந்து முதல் ஏழு வருடம் வாழ வேண்டிய உயிருக்கு நிதானமான ஏற்றமே போதும்.

அந்த நிதானமான ஏற்றத்தைக் கொடுப்பது புல். இதன் தீனியில் பெரும்பங்கு, எந்த நேரமும் எட்டும் இடத்தில், காய்ந்த புல்லாகவே இருக்க வேண்டும். காரணம் பல். கினிப்பன்றிக்கு 20 பல்லும் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மெல்ல மெல்லத்தான் தேயும். தேயாவிட்டால் கடைவாய்ப்பற்கள் நாக்கின் மேல் பாலம் போல வளைந்து, தீனியை விழுங்க முடியாமல் செய்துவிடும். பசியோடு தட்டுக்கு வரும், வாயில் எடுக்கும், கீழே போடும். எடை இறங்கும். குடலுக்கும் இதே நார்தான் வேண்டும். 12 மணி நேரம் ஒன்றும் தின்னாவிட்டால் குடல் ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து தொடங்கிவிடுகிறது.

கடைகளில் வெளிநாட்டுத் திமோத்தி புல்லை பாக்கெட்டில் விற்கிறார்கள், விலையும் கூடத்தான். நமக்கோ காங்கேயம் மாடுகளை வளர்த்த கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரத்து நிழலில் கொழுக்கட்டைப்புல் வளர்க்கும் மேய்ச்சல் நிலம். அந்தக் கொழுக்கட்டைப்புல்லைப் பூக்கும் சமயம் அறுத்து நிழலில் உலர்த்தினால் அருமையான தீனி. அருகம்புல்லும் சரிதான். குதிரைமசால், வேலிமசால், கடலைக்கொடி மூன்றும் புரதமும் சுண்ணாம்பும் மிகுந்தவை. குட்டிக்கும் சினைத்தாய்க்கும் கொஞ்சம் சேர்க்கலாம், ஆறு மாதத்துக்குப் பிறகு குறைத்துவிட வேண்டும். கடலைக்கொடியில் பூஞ்சை வாடை அடித்தால் மாட்டுக்குப் போடுவது போல உதறிப் போட்டுவிடக் கூடாது, வீசிவிடுங்கள். இளஞ்சோளப் பயிரை மாடு வைத்திருப்பவர் யாரும் வெட்டிப் போட மாட்டார்கள், அதே விதி இங்கும். கோவையின் கழிவுநீரைச் சுமந்து வரும் நொய்யல் கரையிலிருந்தும், மருந்தடித்த காட்டு வரப்பிலிருந்தும் புல் அறுக்க வேண்டாம். பொட்டுக்கடலை, பிஸ்கட், சோறு, பாலில் நனைத்த ரொட்டி எதுவும் ஆகாது. அம்மாயி அன்போடு கொடுப்பதுதான், குட்டியும் ஆசையோடு தின்னும். குடல்தான் தாங்காது.

எடை ஏறினால் எப்போதும் நல்ல செய்தியா என்றால், இல்லை. கடையில் "ரெண்டும் பொட்டைதானுங்க" என்று சொல்லிக் கொடுப்பார்கள். குட்டியில் ஆண் பெண் பிரித்துச் சொல்வது பழகிய கைக்கே தடுமாறும் வேலை. பெண்குட்டி நாலு முதல் ஆறு வாரத்திலேயே சினைபிடிக்கும், தன் உடம்பே 350 கிராமைத் தொடாத வயதில். வீட்டுக்கு வந்த நாலு வாரத்தில் ஒன்று மட்டும் மளமளவென்று ஏறுகிறது, வயிறு இரண்டு பக்கமும் பேரிக்காய் போலத் தொங்குகிறது என்றால், நல்ல தீனியின் பலன் என்று மகிழாதீர்கள். அது சினையாக இருக்கலாம். வளர வேண்டிய எலும்பிலிருந்து குட்டிகளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினைக்குத் தயாராகிவிடும் இனம் இது. கூண்டில் ஆண் இருந்தால் தாய்க்கு ஓய்வே கிடையாது, அடுத்தடுத்த ஈற்றில் குட்டிகளின் பிறப்பு எடையும் சரியும். ஆகவே ஆண்குட்டிகளை மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரித்து, தகப்பனோடோ வேறு ஆண்குட்டியோடோ விட வேண்டும். தனியாக மட்டும் வைக்கக் கூடாது. துணையில்லாத குட்டி பயந்து பதுங்கும், தீனிக்கு வெளியே வருவதையே குறைக்கும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஏழு மாதத்துக்கு மேல் ஆன பெண் முதல்முறையாகச் சினைபிடித்தால், இடுப்பின் முன் எலும்பு இணைப்பு அதற்குள் இறுகிப்போயிருக்கும், குட்டி வெளியே வர வழிவிடாது. பெரிய மருத்துவமனை தூரத்தில் இருக்கிற ஊரில் அது தாயையும் குட்டியையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வீட்டில் இனப்பெருக்கம் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். விற்கும் இடங்களிலும் பாலினம் பார்த்து, பால் மறந்து, எடை எழுதிய குட்டியைத்தான் கேட்டு வாங்க வேண்டும். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2018-இலேயே மத்திய அரசின் விதி வந்துவிட்டது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சூடு இன்னொரு பகை. ஆண்டிஸ் மலைக் குளிருக்கு ஆன உடம்பு, வியர்க்கத் தெரியாத உடம்பு. 30 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கும், தீனியைக் குறைக்கும், குட்டியின் ஏற்றம் நின்றுபோகும். சித்திரை வெயிலில் சிமெண்ட் ஷீட் போட்ட தறிக்குடோனுக்குள் கூண்டை வைப்பது அடுப்பில் வைப்பதுதான். தறிச்சத்தமும் அங்கே ஓயாது. மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளையும் கேட்கும் காது அதற்கு, பஞ்சுத் தூசியோ அதன் சின்ன மூச்சுக்குழலுக்கு ஆகாது. வீட்டுக்குள், காற்றோட்டமுள்ள, தரைக்குப் பக்கத்து மூலையே நல்ல இடம். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பாட்டிலை உறையவைத்துத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் தானே வந்து சாய்ந்துகொள்ளும்.

படுக்கைக்கு இங்கே எல்லோர் கைக்கும் முதலில் வருவது பனியன் வேஸ்ட். இலவசம், மெத்தென்று இருக்கும். ஆனால் கட்டிங் துண்டின் ஓரத்து நூல் பிரிந்து குட்டியின் காலில் சுற்றி இறுகும், கடித்து விழுங்கினால் குடலில் சிக்கும். பருத்தித் துணி ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தில் கால் புண்ணாகும். ஓரம் அடித்த பாலியஸ்டர் ஃபிளீஸ் துண்டு கிடைத்தால் அதை மேலே விரித்து, அடியில் உறிஞ்சும் துணியை வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துவைத்துப் போடலாம். தையல் மெஷின் இல்லாத தெரு இந்தப் பகுதியில் இருக்கிறதா என்ன?

எடை போடுவது எளிய வேலை. 5 கிலோ வரை அளக்கும், ஒரு கிராம் வித்தியாசம் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். துணித் தராசின் தட்டு இதற்குச் சிறியது, குட்டி அசைந்தால் எண் நிற்காது. உயரமான எவர்சில்வர் பாத்திரத்துக்குள் ஒரு துண்டுத் துணியை விரித்துத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். குட்டியின் நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்பக்கத்துக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கி உள்ளே விட்டு, ஒரு கொத்தமல்லித் தண்டைக் கொடுத்தால் மெல்லும் நேரத்துக்கு அசையாமல் நிற்கும். பிறந்த குட்டியை மூன்று வாரம் வரை நாள்தோறும் பார்ப்பது நல்லது. பிறகு வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம், தீனிக்கு முன். தேதியும் கிராமும் ஒரு நோட்டில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானே செய்யக்கூடிய வேலை இது, அதைப் பிள்ளையிடமே ஒப்படைப்பது இன்னும் நல்லது.

பெரிய விலங்குக்கு முன்னும் பின்னும் 30 கிராம் ஆடுவது சாதாரணம், வயிறும் சிறுநீரும் அவ்வளவு இருக்கும். 50 கிராம் குறைந்தால் பல்லையும் தீனியையும் கவனிக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அன்றே மருத்துவர். குட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. மூன்று நாள் தொடர்ந்து ஏறாவிட்டால் தாயின் பால், உடன்பிறந்தவற்றின் நெருக்கடி, வைட்டமின் சி, சூடு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிறந்த முதல் மூன்று நாளுக்குப் பிறகு இறங்கினால் காத்திருக்கவே கூடாது. தொட்டால் வீறிடுவது, நடக்க மறுப்பது, மூட்டு வீங்குவது, எச்சில் வடிவது, தும்முவது ஆகியவற்றோடு எடையும் சரிந்தால் இரவானாலும் கிளம்புங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். நம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் மாடு, ஆடு, கோழி, நாய்தான் நாள்தோறும் வரும், கினிப்பன்றி அபூர்வம். எட்டு வாரத்து எடைக் கணக்கு மருத்துவருக்குப் பாதி நோயைச் சொல்லிவிடும். உடுமலைப்பேட்டையில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இயங்குவதால் திருப்பூர் மாவட்டத்துக்காரர்கள் நாமக்கல்லுக்கோ சென்னைக்கோ ஓட வேண்டிய நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. எங்கே போனாலும் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள், வந்திருப்பது முயலல்ல, கினிப்பன்றி என்று. பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் இதன் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, கெட்ட கிருமியைப் பெருக்கி, சில நாளில் கொன்றுவிடும். 1943-இலேயே இது பதிவான உண்மை. 1940-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினை முதலில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததால்தான் அது மருந்தாகத் தேறியது. கினிப்பன்றிக்குக் கொடுத்திருந்தால் நஞ்சென்று ஒதுக்கியிருப்பார்கள். வீட்டில் பிள்ளையின் சளிக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை ஒரு சொட்டுக்கூட இதன் வாயில் விட வேண்டாம்.

ஒரு வயதைத் தொட்டு எடை நிலைத்துவிட்டால் மாதம் இருமுறை பார்த்தால் போதும். நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாலாம் வயதில் பல்லோ சினைப்பையோ சிறுநீர்ப்பையோ தொல்லை கொடுக்கத் தொடங்கும்போது, ஆரோக்கியமாக இருந்தபோது இதன் எடை எவ்வளவு என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.